விசில் இருந்தால் போதாதாம்: பயிற்றுநர் தரப் பரீட்சை பற்றிச் சில குறிப்புகள்

பெறுபேறு வந்துவிட்டது. சித்தி. பெருமைப்படும் அளவுக்குப் புள்ளி இல்லை, ஒளிக்கும் அளவுக்குக் குறைவும் இல்லை.

கொழும்பில் ஒரு தமிழ்க் கல்லூரியில் முப்பது வருடங்களுக்கு மேலாக மெய்வல்லுநர் பயிற்சி கொடுத்து வருகிறேன். தகப்பனுக்கும் பிறகு அவருடைய மகனுக்கும் ஸ்டார்ட்டிங் பிளொக்கில் கால் வைக்கச் சொல்லிக்கொடுத்தவன். பாடசாலை மெய்வல்லுநர்களுக்கான சேர் ஜோன் டார்பட் போட்டிக்காகச் சுகததாச விளையாட்டரங்கின் வெயிலில் எத்தனை பகல் நின்றேன் என்று கணக்கில்லை. புதிதாக வந்த நிர்வாகம், தரச் சான்றிதழ் இல்லாவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்றது. அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆகவே என் காரத்தைக் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

எழுத்து, செய்முறை, நேர்முகம் எப்படி நடக்கும் என்பது விண்ணப்பித்த எல்லோருக்கும் தெரியும். நேராக ஸ்டாகருக்கு வருகிறேன்: வளைவில் வெளிப்பாதைகளின் நீளம் கூடுவதால் அவற்றின் தொடக்கக் கோட்டை எவ்வளவு முன்னால் போடவேண்டும் என்ற கணக்கு. என்னைக் கரை சேர்த்தது அதுதான்.

எல்லோரும் அட்டவணையை மனப்பாடம் செய்கிறார்கள். 400 மீற்றருக்கு இரண்டாம் பாதை 7.04 மீற்றர், மூன்றாம் பாதை 14.70, எட்டாம் பாதை 53.03. பரீட்சை மண்டபத்தில் ஓர் எண் நழுவினால் பின்னால் வரும் அத்தனையும் நழுவும். மனப்பாடத்தை விட்டுவிட்டு வரைந்து பழகுங்கள். நேர்ப்பகுதி 84.39 மீற்றர், வளைவின் ஆரை 36.50. முதற் பாதையை உள்விளிம்புக் கட்டிலிருந்து 30 சென்றிமீற்றர் தள்ளி அளப்பதால் ஆரை 36.80 ஆகிறது. இரண்டு நேர்ப்பகுதியையும் முழுவட்டப் பரிதியையும் கூட்டினால் 400 வந்து நிற்கும். மற்றப் பாதைகளைக் கோட்டிலிருந்து 20 சென்றிமீற்றரில்தான் அளக்கிறோம். பாதையின் அகலம் 1.22. எனவே முதற் பாதைக்கும் இரண்டாம் பாதைக்கும் ஆரை வித்தியாசம் 1.12 மட்டுமே. அதை இரண்டு பையால் (2π) பெருக்கினால் 7.04. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாதைக்கும் 1.22 வித்தியாசம், அதாவது ஏறத்தாழ 7.67.

இப்போது முக்கியமான இடம். அந்தப் பெருக்கலில் மைதானத்தின் ஆரை எங்காவது வருகிறதா? வரவில்லை. பாதையின் அகலம் மட்டுமே வருகிறது. நம்முடைய கல்லூரிகளில் காலி வீதிக்கும் அடுத்த வீட்டு மதிலுக்கும் நடுவே அகப்பட்ட 200 மீற்றர் புற்றரையில் சுண்ணாம்புக் கோடு போட்டாலும், ஒரு சுற்றுக்கு அதே 7.67தான். அங்கே உள்விளிம்புக் கட்டு இல்லை, முதற் பாதையையும் 20 சென்றிமீற்றரில் அளப்போம், ஆகவே இரண்டாம் பாதைக்கும் 7.67. முழு 400 மீற்றரையும் பாதை மாறாமல் ஓடவைத்தால் அதன் இரண்டு மடங்கு. எனக்கு வந்த கேள்வி இதுவேதான்: கட்டு இல்லாத 200 மீற்றர்ப் புற்றரை, ஆறு பாதை, தொடக்கக் கோடுகளைக் குறிக்கவும். வருடா வருடம் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள் இரவு நூலும் ஆணியுமாகக் குனிந்து நின்ற முதுகுவலிக்கு முதன்முறையாகப் புள்ளி கிடைத்தது.

பக்கத்து மேசையில் என்னிடம் முப்பாய்ச்சல் பழகிய பையன். இப்போது உடற்கல்வி ஆசிரியர். "சேர், நீங்களுமா?" என்று எழுந்து நின்றுவிட்டான். இருக்கச் சொன்னேன். அவன் அட்டவணையை மனப்பாடம் செய்தே என்னைவிடக் கூடிய புள்ளி எடுத்தான் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லவேண்டும். இருந்தாலும் என் கருத்து மாறவில்லை.

பழைய பயிற்றுநர்களின் தலையில் பழைய விதிகள் ஊறிக் கிடக்கும். இவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்:

- 4×100 அஞ்சலோட்டத்தில் கோல் மாற்றும் வலயம் 2017 நவம்பர் முதல் 30 மீற்றர். முன்பு வெளியே இருந்த 10 மீற்றர் வேகமெடுக்கும் பகுதி உள்ளே சேர்ந்துவிட்டது. 4×400க்கு இன்னும் 20.
- பிழையான தொடக்கம்: 2010 முதல் முதற் பிழைக்கே வெளியே. பத்து நிகழ்ச்சி, ஏழு நிகழ்ச்சி போன்ற பல்நிகழ்ச்சிப் போட்டிகளுக்கு மட்டும் விலக்கு.
- காற்று அளவியால் காற்றை அளக்கும் நேரம்: 100 மீற்றருக்கு 10 செக்கன், 100, 110 மீற்றர்ச் சட்டவேலிக்கு 13, நீளம் பாய்தலுக்கு 5. பின்காற்றின் எல்லை செக்கனுக்கு 2.0 மீற்றர்.
- குண்டு போடுதலில் ஆண்களின் குண்டு: 18 வயதுக்குக் கீழ் 5 கிலோ, 20க்குக் கீழ் 6 கிலோ.

உயரம் பாய்தலில் "எப்படி" என்று கேட்கமாட்டார்கள், "ஏன்" என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றபோது முதுகைக் கம்பிப் பக்கம் திருப்பித் தாண்டும் ஃபொஸ்பரி முறை உலக அரங்குக்கு வரவே இல்லை. அது 1968 மெக்சிக்கோவில்தான் வந்தது. இந்தக் கதையை மணிக்கணக்காக என்னால் சொல்லமுடியும், ஆனால் அதற்குப் புள்ளி கிடையாது. ஃபொஸ்பரி முறையில் ஓட்டத்தின் கடைசி அடிகள் ஏன் வளைகின்றன என்பதற்குத்தான் புள்ளி: வளைவில் உடல் உள்ளே சாய்கிறது, புவியீர்ப்பு மையம் தாழ்கிறது, கால் ஊன்றி நிமிரும்போது குறுக்குக் கம்பியின்மேல் உடல் சுழல்வதற்கான விசையும் கிடைக்கிறது.

ஓட்டங்களுக்கு இடையே கொடுக்கும் ஓய்வு பற்றிய கேள்வியில் பழைய ஆட்கள் பலர் விழுகிறார்கள். மூச்சு வாங்கினால்தான் பயிற்சி என்று பழகியவர்கள் நாம். 60 மீற்றர் முழுவேக ஓட்டங்களுக்கு இடையே ஒரு நிமிடம் என்று எழுதினால் அது வேகப் பயிற்சியாகாது. தசையில் உடனடியாகக் கிடைக்கும் பொஸ்பேற்றுச் சக்தி பத்துச் செக்கன் அளவில் வற்றிவிடும், மீண்டும் நிரம்பப் பல நிமிடம் வேண்டும். ஓடிய ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு நிமிட ஓய்வு என்ற கைக்கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

பருவகாலத் திட்டம் எழுதும்போது புத்தகத்தில் உள்ள ஐரோப்பிய நாட்காட்டியைக் கொண்டுவராதீர்கள். கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் இடியோடு மழை வரும், மின்னலில் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தமுடியாது. தவணைப் பரீட்சை வாரங்களையும் கழித்துக் காட்டுங்கள். எங்கே வெட்டினேன், ஏன் வெட்டினேன் என்று இரண்டு வரி எழுதினேன். நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள்.

நேர்முகத்தில் பதக்கக் கணக்கைச் சொல்லாதீர்கள். நான் தொடங்கியதும் எதிரே இருந்தவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பதின்மூன்று வயதுப் பிள்ளை 400 மீற்றர் நன்றாக ஓடுகிறது, என்ன செய்வீர்கள்?" என்றார். வளர்ச்சித் துள்ளல் முடியும்வரை பல நிகழ்ச்சிகளிலும் விடுவேன், லக்டிக் அமிலம் ஏறும் கடும் ஓட்டங்களைத் தள்ளிவைப்பேன் என்றேன். பெற்றோரும் அதிபரும் பதக்கம் கேட்டால்? அதற்கும் விடை வைத்துக்கொண்டு போங்கள். எனக்கு அனுபவத்திலேயே இருந்தது, கொஞ்சம் சூடாகவே சொன்னேன்.

செய்முறைக்கு ஐம்பது தாண்டியவர்கள் பயப்படவேண்டாம். தாண்டிக் காட்டச் சொல்லமாட்டார்கள், பிள்ளையை நிறுத்திச் சொல்லிக்கொடுத்தால் போதும். சொந்த அளவு நாடா கொண்டுபோங்கள், அங்கே கொடுப்பது இழுபட்டுக் கிடக்கும். சான்றிதழ் கைக்கு வரத் தாமதமாகும் என்பதால் பெறுபேற்றுக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, பிரதி எடுத்து, ஒப்பந்தம் முடியும் திகதிக்கு முன்பே அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.