இரண்டு நிமிடத்தில் என் கதை

அது 12 நிமிடப் பயிற்சி. எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னைப் போலவே பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர். மூன்று இரவாகத் தூங்காத ஒருவராக அவர் நடிக்க வேண்டும். நான் அவருக்குத் துணையாளாக இருந்து பேச வேண்டும். முடிந்ததும் எனக்கு ரொம்பத் திருப்தி. நானும் தூக்கமில்லாமல் கிடந்தவன்தானே, மனம்விட்டுச் சொன்னேன், அவரும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பயிற்சி கொடுத்த மேடம் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"மொத்தம் 12 நிமிஷம். அதில் 9 நிமிஷம் நீங்கதான் பேசியிருக்கீங்க சார்" என்றார்.

எதிரே இருந்தவர் சிரித்தார். "அண்ணே, நான் தூங்காததை மறந்துட்டு உங்களை எப்படித் தூங்க வைக்கிறதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன்."

முன்னாள் ராணுவத்தினர் மனநலச் சிக்கலில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினருக்குத் துணை நிற்பதைப் 'பியர் சப்போர்ட்' என்கிறார்கள். அதற்கான பயிற்சியை முடித்து இப்போது ஒன்றரை வருடமாக அந்த வேலையில் இருக்கிறேன். இதில் சேர யோசிப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் "கஷ்டமா இருக்குமா?" என்பதுதான். கஷ்டம்தான், ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

இதற்கு முன்பே ஒருமுறை வேறொரு இடத்தில் ஒரே நாள் வகுப்புக்குப் போயிருக்கிறேன். காலை முழுக்க ஸ்லைடு, மாலையில் சான்றிதழ், குரூப் போட்டோ. வீட்டுக்கு வந்து, நாளைக்கே ஒருவன் என் முன்னால் உட்கார்ந்து அழுதால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அந்தச் சான்றிதழை இன்னும் சட்டம் போடவில்லை. அதனால் இந்த இரண்டு வார வகுப்பும் அதற்குப் பிறகு ஆறு மாத மேற்பார்வையும் என்றதும் உடனே பெயர் கொடுத்தேன்.

நேர்முகத்தில் என் பணிக்காலத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் வேறு மாதிரி. உங்களுக்கு யார் உதவினார்கள்? அவர்கள் செய்ததில் எது எரிச்சலைக் கொடுத்தது? இப்போது மாத்திரை, கவுன்சலிங் ஏதாவது உண்டா? கடைசிக் கேள்விக்கு வாய் உலர்ந்துவிட்டது. பணியில் இருந்தபோது இதற்கு உண்மையான பதில் சொன்னால் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடமாகக் கவுன்சலிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சரி, கிளம்ப வேண்டியதுதான் என்று உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதில்தான் என்னை உள்ளே சேர்த்தது. ஒரே நிபந்தனை, கடந்த ஒரு வருடமாவது நிலைமை சீராக இருந்திருக்க வேண்டும். இன்னும் தண்ணீருக்குள் தத்தளிக்கிறவனைக் கயிறு வீச நிறுத்தமாட்டார்கள், அவ்வளவுதான்.

வகுப்பில் 14 பேர். வட்டமாக நாற்காலி. முதல் நாள் காலை எல்லோரும் பதவி வரிசைப்படி உட்கார்ந்திருந்தோம். யாரும் சொல்லவில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது. மேடம் பார்த்துவிட்டு எங்களைக் கலைத்துப் போட்டார். அதிகாரியாக ஓய்வுபெற்ற ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரை 'சார்' என்று கூப்பிடாமல் இருக்க எனக்கு நாலு நாள் பிடித்தது. என்னை 'வா போ' என்று பேசாமல் இருக்க அவருக்கு ஐந்து நாள்.

முதல் இரண்டு நாள் விஷய ஞானம். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'ஷெல் ஷாக்' (போர்முனை அதிர்ச்சியில் வீரர்கள் மனம் குலைந்துபோவது) பற்றி மருத்துவ இதழில் எழுதியது, பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனப் பாதிப்பு) என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறுவதற்கு 1980 வரை ஆனது, இதெல்லாம். எனக்குப் பிடித்தது நடுவில் வந்த ஒரு விஷயம். 1970 வாக்கில் வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் நியூயார்க்கில் தாங்களாகவே கூடி உட்கார்ந்து பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், ஹயிம் ஷாடன் என்ற இரண்டு மனநல மருத்துவர்களும் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நோய்க்குப் பெயர் வருவதற்கு முன்பே வட்டமாக நாற்காலி போட்டுவிட்டார்கள். கனடாவில் 2001இல் ராணுவத்துக்குள்ளேயே இப்படி ஒரு திட்டம் தொடங்கியது; அதற்குக் காரணமாக இருந்த ஸ்டெஃபான் க்ரெனியே, ருவாண்டாவில் பணியாற்றிவிட்டு நொந்துபோய்த் திரும்பிய அதிகாரி.

பி.டி.எஸ்.டி.யின் அறிகுறிகளை நாலு கட்டாகப் பிரித்துச் சொல்லித் தந்தார்கள். வேண்டாமென்றாலும் வந்து நிற்கும் நினைவுகள், அதை ஞாபகப்படுத்தும் எதையும் தவிர்ப்பது, தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எண்ணம் கறுத்துப்போவது, எந்நேரமும் உடம்பு காவல் நிலையிலேயே இருப்பது. நாலாவதைச் சொன்னபோது பார்த்தேன், 14 பேரில் 11 பேர் கதவைப் பார்த்த மாதிரிதான் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் 'மாரல் இஞ்சுரி', மனசாட்சிக் காயம். அச்சத்தால் வருவதல்ல அது. தான் செய்ததோ, தடுக்காமல் விட்டதோ தன் மனசாட்சிக்கே பொறுக்காமல் போவதால் வருவது. இதில் "உன் தப்பு இல்லப்பா" என்று அவசரமாகச் சொல்வது அவன் வாயை அடைப்பதற்குச் சமம் என்றார் மேடம். நான் அதுவரை எல்லோருக்கும் சொல்லிவந்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

நோய்க்குப் பெயர் வைப்பதும் மாத்திரை பற்றி அபிப்பிராயம் சொல்வதும் எங்கள் வேலை இல்லை என்பதைத் தினமும் ஒருமுறையாவது சொன்னார்கள். சலிப்பாக இருந்தது. இப்போது நானும் புதிதாக வருகிறவர்களிடம் தினமும் சொல்கிறேன்.

சரி, அந்த 9 நிமிடத்துக்கு வருகிறேன். நான் சிக்னல் பிரிவில் இருந்தவன். ரேடியோவில் பேசப் பிரெஸல் சுவிட்சை அழுத்த வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கும்வரை எதிர்முனை பேசுவது உன் காதில் விழாது. பேசி முடித்து 'ஓவர்' சொல்லிக் கையை எடுத்தால்தான் அவன் குரல் வரும். புதிதாக வரும் பையன்களிடம் நான் கத்தியதெல்லாம் இதற்காகத்தான்: "கையை எடுடா!" அன்று ராத்திரி படுக்கையில் கிடந்தபோது, 17 வருடம் இதையே சொல்லிக்கொடுத்தவன் 12 நிமிடத்தில் 9 நிமிடம் சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேனே என்று வெட்கமாகிவிட்டது. மறுநாள் மேடத்திடம் சொன்னேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போய், வகுப்பு முழுவதும் யாராவது அதிகம் பேசினால் "சுவிட்ச்" என்பார்.

இன்னொன்றும் ரேடியோவிலிருந்தே கிடைத்தது. முக்கியமான செய்தி வந்தால் அப்படியே திருப்பிப் படித்துக்காட்டுவோம், ரீட் பேக். "ராத்திரி வீட்டுக்குள்ள நடந்துட்டே இருக்கேன்" என்று ஒருவன் சொன்னால், ஏன் என்று குடைய வேண்டாம், வாக்கிங் போ என்று யோசனையும் வேண்டாம். "ராத்திரி முழுக்க நடக்குறீங்க" என்றால் போதும். பெரும்பாலும் அடுத்த வாக்கியம் அவனிடமிருந்தே வரும். வராவிட்டால் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். மௌனத்தில் பத்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

அதற்காக நம் கதையே வேண்டாமா? வேண்டும். அது இல்லாவிட்டால் எங்களுக்கும் கவுன்சலருக்கும் என்ன வித்தியாசம்? ஆகவே வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். உன் கதையை ஒரு பக்கம் எழுது. மறுநாள் அரைப் பக்கம். அதற்கடுத்த நாள் இரண்டு நிமிடத்தில் வாயால் சொல். என்ன நடந்தது என்பது ஒரே வரி. ரத்தமும் சதையும் வேண்டாம், கேட்பவனின் சொந்தப் படங்களைக் கிளறிவிடும். அது உன்னை என்ன செய்தது என்பது கொஞ்சம். எதைப் பிடித்து எழுந்தாய் என்பது மீதி. வாயைத் திறக்கும் முன் உனக்குள் கேட்டுக்கொள்: இதை அவனுக்காகச் சொல்கிறாயா, உனக்காகவா?

நான் முதல் நாள் எழுதியது ஒன்பது பக்கம். மேடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது நாள் நாலு பக்கம். மூன்றாவது நாள் எழுதியது இவ்வளவுதான்: ராணுவ வண்டிகள் வரிசையாகப் போகும் கான்வாயில் நான் ஏற வேண்டிய வண்டியில் கடைசி நிமிடத்தில் என் சிநேகிதன் ஏறினான். அந்த வண்டி திரும்பவில்லை. அதன்பிறகு ஆறு வருடம் நான் யாருடைய வண்டியிலும் முன் சீட்டில் உட்காரவில்லை, ஏன் என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்ன அன்றுதான் கொஞ்சம் தூங்கினேன்.

ஒன்பது பக்கத்திலும் இருந்தது இதுதான். மீதியெல்லாம் நான் யாரிடமோ வைத்த வாதம்.

இரண்டாவது வாரம் தற்கொலை பற்றிய நாள். அந்த வார்த்தையை நாங்கள் ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. நம் பேச்சில் அதைச் சுற்றிப் போக எத்தனை வழி! "தப்பான முடிவு எதுவும்...", "ஏதாவது பண்ணிக்கலாம்னு...". மேடம் ஒப்புக்கொள்ளவே இல்லை. 'தப்பான முடிவு' என்றால் அவன் பதில் சொல்வதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டாய். அப்படி எதுவும் இல்லையே என்று கேட்டால் 'இல்லை' என்ற பதிலையும் நீயே கொடுத்துவிட்டாய். "தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறீங்களா?" இதுதான் கேள்வி. கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது என்பதை ஆய்வுகளைக் காட்டியே விளக்கினார்கள். ஆனாலும் நாக்கு புரளவில்லை. அந்த அதிகாரி மட்டும் முதல் முயற்சியிலேயே தெளிவாகக் கேட்டார். இடைவேளையில், அந்தக் கேள்வியைத் தன் படைப்பிரிவில் இருந்த ஒருவனிடம் கேட்காமல் விட்டதை என்னிடம் சொன்னார்.

'ஆம்' என்று பதில் வந்தால் செய்ய வேண்டியதும் படிப்படியாக உண்டு. ஸ்டான்லி, பிரவுன் என்ற இருவர் வகுத்த ஆறு படிப் பாதுகாப்புத் திட்டத்தை ஒரே தாளில் அவனோடு சேர்ந்து எழுத வேண்டும், அவனுடைய சொற்களில். எந்த அறிகுறி வந்தால் நிலைமை மோசமாகிறது, தனியாக என்ன செய்து சமாளிப்பான், எங்கே யாரோடு இருந்தால் கவனம் திரும்பும், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த நிபுணரை அழைப்பது, கடைசியாகக் கைக்கெட்டும் ஆபத்தான பொருள்களை எப்படித் தள்ளிவைப்பது. ஆயுதத்தோடு பழகியவர்களிடம் இந்த ஆறாவதுதான் உயிர்நாடி. அந்த உச்சக்கட்டத் தவிப்பு பலருக்குக் கொஞ்ச நேரமே நீடிக்கும். அந்த நேரத்தில் ஆயுதம் தூரத்தில் இருப்பதே பெரிய வித்தியாசம். அப்புறம் மேற்பார்வையாளருக்குத் தகவல். இதை மட்டும் ரகசியமாக வைக்க முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். நடுவில் சொன்னால் துரோகம் மாதிரி இருக்கும்.

அன்று மாலை ஒருவர் தன் கதையைச் சொன்னார். அதிலும் ஒரு கான்வாய். எழுந்து வெளியே போனேன், படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. தகுதி இல்லை என்று தீர்மானித்து மெசேஜ் எழுதிக்கூட வைத்துவிட்டேன். மேடம் போன் செய்தார். "வாங்க", "வராதீங்க" எதுவும் சொல்லவில்லை. "உங்க கவுன்சலர்கிட்ட பேசிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். பேசினேன். மூன்றாம் நாள் போனேன். என்னுடைய நாற்காலி அப்படியே இருந்தது.

தேர்வு என்பது பதிவு செய்யப்பட்ட இன்னொரு ரோல் பிளே. முதல் முறை தேறவில்லை. அவசரத்தில் மூன்று யோசனை சொல்லிவிட்டேன். இரண்டாவது முறை தேறினேன்.

மேற்பார்வைக் காலத்திலும் ஒரு தப்புச் செய்தேன். பண உதவி கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தும் ஒருவருக்குக் கொஞ்சம் கடன் கொடுத்தேன். சிறிய தொகைதான். திருப்பித் தர முடியாத வெட்கத்தில் அவர் வருவதையே நிறுத்திவிட்டார். விதி எதற்கு இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் புரிந்தது. அவரை மீண்டும் வரவழைக்க வேறொரு துணையாள் போக வேண்டியிருந்தது.

நான் தனியாகப் பார்த்த முதல் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மூன்று செவ்வாய்க்கிழமை வந்தார். மூன்று முறையும் ஓய்வூதியப் படிவங்கள், முழங்கால் வலி, மகன் படிப்பு. நான் ரீட் பேக் செய்துகொண்டே இருந்தேன். இதெல்லாம் வேலையா என்று மேற்பார்வையில் சலித்துக்கொண்டேன். "அவர் உங்களைச் சோதிச்சுப் பார்க்கிறார், இருங்க" என்றார்கள்.

நாலாவது செவ்வாய், கிளம்ப எழுந்தவர் கதவருகே நின்று, "அண்ணே, உங்களுக்கும் அப்படி ஏதாவது...?" என்றார்.

அவர் கேட்டுவிட்டார். சொன்னேன். வண்டி, சிநேகிதன், முன் சீட்டு, மனைவி. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பிறகு வாயை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். பத்து தாண்டியது. இருபதும் தாண்டியது. அவர் திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்புறம் அவர் பேசினார். என்ன பேசினார் என்பதை இங்கே எழுத மாட்டேன். போகும்போது அடுத்த செவ்வாய்க்கான நேரத்தை அவரே நோட்டில் எழுதிவிட்டுப் போனார்.