போட்டு வாறன்: ஜப்பானிய மொழியில் எப்படி?

தம்பி ஒசாக்காவுக்கு வேலைக்குப் போன அன்று, கொக்குவில் வீட்டுப் படலையடியில் வான் வந்து நிற்க, அவசரத்தில் "சரி, போறன்" என்றுவிட்டான். "போறன் எண்டு சொல்லாதை, போட்டு வாறன் எண்டு சொல்லு" என்றா அம்மா. அவன் திரும்பி நின்று "இத்தெக்கிமஸ்" என்றான்.

அதன் பொருளும் அதேதான், போய்விட்டு வருகிறேன். வீட்டில் நிற்பவர் சொல்லும் பதில் "இத்தெரஷ்ஷாய்", அதாவது போட்டு வாங்கோ. திரும்பி வந்ததும் "ததாய்மா", வந்திட்டன், அதற்கு "ஒக்கயெரி". ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்கப் படியான என்-5 பரீட்சைக்கு அவனோடு சேர்ந்து நானும் படித்தேன், இந்த நான்கு சொற்களும்தான் எனக்கு முதலில் மனதில் ஒட்டின, ஏனென்றால் இவற்றை நான் புதிதாகப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை.

எல்லோருக்கும் தெரிந்த "சயோனாரா"வை வீட்டை விட்டு வெளிக்கிடும்போது சொல்லாதீர்கள். அது நெடுநாள் பிரிவின் வாடை அடிக்கிற சொல். நாளைக்கும் காணப்போகிற ஆளிடம் "ஜா, மத்தா" போதும்.

காலையில் "ஒஹயோ கொசாய்மஸ்". ஹயாய் என்றால் வேளைக்கு, அதிலிருந்து வந்த சொல். கொசாய்மஸ் சேர்ப்பது நாங்கள் "வா"வை "வாங்கோ" ஆக்குவது மாதிரி, கூட்டாளிக்கு வெறும் ஒஹயோ காணும். ஆனால் பகலில் சொல்லும் "கொன்னிச்சிவா"வோடும் மாலையில் சொல்லும் "கொம்பன்வா"வோடும் கொசாய்மஸ் ஒட்டாது, தொடக்கத்தில் நான் ஒட்டிக்கொண்டே இருந்தேன். கொன்னிச்சிவாவை வீட்டு ஆட்களிடம் சொல்வதும் இல்லை.

நன்றிக்கு "அரிகத்தோ கொசாய்மஸ்". ஆனால் முதலில் கைகொடுப்பது "சுமிமசென்" என்பேன். கடையில் ஆளைக் கூப்பிட, சனத்துக்குள் வழி கேட்க, ஒருவர் எங்களுக்காகச் சிரமப்பட்டால் நன்றியும் மன்னிப்புமாகச் சொல்ல, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. உண்மையாகப் பிழை விட்டால் "கொமென் நசாய்", அதுவும் நெருங்கியவர்களிடம். சாப்பிட முதல் "இத்ததக்கிமஸ்", பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்று, முடிந்ததும் "கொச்சிசோசமா". மற்றவர் பெயரோடு மரியாதைக்கு "சன்" சேர்க்க வேண்டும், தன் பெயரோடு ஒருநாளும் சேர்க்கக் கூடாது.

உச்சரிப்பில் தமிழர் பயப்படவே தேவையில்லை. குறில் நெடில் எங்கள் காதில் ஏற்கனவே இருக்கிறது, அங்கே அதுதான் உயிர்: "ஒபசன்" என்றால் மாமி, "ஒபாசன்" என்றால் அம்மம்மா (இரண்டிலும் பஸ்ஸில் வருகிற ப). வினைச்சொல்லும் எங்களைப் போலவே கடைசியில் வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோவோடு சேர்ந்து தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர்கள். மொழியியலாளர் பலர் அந்த உறவை ஏற்கவில்லை, அது பெரிய வழக்கு. படிக்கிற எங்களுக்கு அந்த ஒற்றுமை உதவுகிறது என்பதை மட்டும் என் அனுபவத்தில் சொல்வேன்.

ஜப்பான் நேரம் எங்களைவிட மூன்றரை மணித்தியாலம் முன்னால். அவன் ஏழரைக்கு அறையைப் பூட்டும்போது இங்கே விடிய நாலு மணி. அம்மா அந்த நேரம் எழும்பி, போனில் அவனுடைய இத்தெக்கிமஸ்ஸுக்கு "இத்தெரஷ்ஷாய்" என்று சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணி வைக்கப் போகிறா.