ராத்திரி ஜெபத்தில் வாத்தியார் பெயர்

பாளையங்கோட்டையில் நாங்கள் படித்த காலத்தில் எதிரே ஆசிரியர் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவோம். பிரம்புக்குப் பயந்துதானே என்று லண்டனில் வளரும் என் பிள்ளைகள் கேட்கிறார்கள். பயமும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மரியாதையில் பெரும்பங்கு வீட்டில் உண்டானது.

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, வேதத்தில் ஒரு அதிகாரம், அப்புறம் அப்பா ஜெபிப்பார். நோயாளிகள், சபைப் போதகரான சேகரத்து ஐயர், சொந்தக்காரர்கள் எல்லாரையும் சொல்லிவிட்டு எங்கள் ஆசிரியர்களிடம் வருவார். கணக்கு சார் மகளுக்கு நல்ல வரன் அமையணும், தமிழ் ஐயாவுக்குச் சர்க்கரை குறையணும். அதிகாரத்தில் உள்ள எல்லாருக்காகவும் ஜெபிக்கச் சொல்லி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை அப்பா எங்கள் வகுப்பறை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். ராத்திரி ஒருவருக்காக ஆமென் சொல்லிவிட்டு, காலையில் அவருக்குப் பட்டப்பெயர் வைக்க யாருக்கு வாய் வரும்?

அப்பா வளர்ந்த விதம் அப்படி. தேரிக்காட்டுப் பக்கம் அவருடைய ஊரில் வாரநாளில் பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம்தான் ஞாயிற்றுக்கிழமை கோயில். சபையில் வேதம் சொல்லித்தரும் உபதேசியாரே வாத்தியார். 1820இல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த காலந்தொட்டு நெல்லைச் சீமையில் சபையும் பள்ளியும் கைகோத்தே வளர்ந்தவை.

ஆனால் ஆசிரியர் செய்வதெல்லாம் சரி என்று அப்பா சொன்னதில்லை. ஒருமுறை வேறொருவன் செய்த தப்புக்கு ஓர் ஆசிரியர் என்னை வகுப்புக்கு வெளியே முட்டிபோட வைத்தார். அழுதுகொண்டே வீட்டில் சொன்னேன். அப்பா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். "சரி எய்யா, நாளைக்கு நான் சாரைப் பாக்கேன். அதுவரைக்கும் நீ எதுத்துப் பேசாத" என்றார். மறுநாள் மணி அடித்து எல்லாரும் போனபின் தனியாக வந்து பார்த்தார். என்ன பேசினார் என்று கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் அந்த ஆசிரியரே வகுப்பில் எல்லார் முன்னும் என்மேல் தப்பில்லை என்றார். எனக்கு நியாயமும் கிடைத்தது, ஆசிரியர் மேல் வைத்திருந்த மதிப்பும் போகவில்லை.

கீழ்ப்படிதலுக்கு எல்லை உண்டு என்பதையும் அப்பாதான் சொல்லித் தந்தார். பொய் சொல்லச் சொன்னாலோ, இன்னொரு பிள்ளையைக் கேவலப்படுத்தச் சொன்னாலோ, தொடக்கூடாத விதமாகத் தொட்டாலோ, அவர் யாராக இருந்தாலும் கேட்காதே, நேரே வீட்டுக்கு வா என்பார். மனுஷரைவிட தேவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுரு ஆலோசனைச் சங்கத்தின் முன் சொன்னதை அதற்குத்தான் படித்துக் காட்டினார். இந்தப் பாடத்தை விட்டுவிட்டு மரியாதையை மட்டும் கற்றுக்கொடுப்பது பிள்ளைக்கு ஆபத்து.

பிரம்பு போனதில் எனக்கு வருத்தமே இல்லை. இங்கே இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் 1987இலேயே நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டிலும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதைத் தடைசெய்கிறது. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்றுதானே எபேசியர் நிருபமும் சொல்லுகிறது. என் கவலை வேறு. பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஆசிரியரைக் கண்டபடி எழுதுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை வாசிக்கிறது. பேரண்ட்ஸ் ஈவினிங் முடிந்து காரில் ஏறியதும் "உன் மிஸ்ஸுக்கு ஒண்ணுமே தெரியல" என்கிறோம். மறுநாள் அதே மிஸ் முன்னால் அந்தப் பிள்ளை எந்த மனதோடு உட்காரும்? குறை இருந்தால் ஆசிரியரிடமே போய்ச் சொல்லுவோம். அவர் பெயரை வீட்டு ஜெபத்தில் சேர்ப்போம்.

டிசம்பரில் ஊருக்குப் போகும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். நமக்குக் கற்பித்தவர்களில் பலர் பெருமாள்புரத்திலும் சமாதானபுரத்திலும் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். தங்கள் அப்பாவோ அம்மாவோ ஒருவர் முன்னால் உட்காராமல் நிற்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். சாயங்காலம் நாலு மணிக்குமேல் போங்கள், மத்தியானம் படுத்திருப்பார்கள்.