கோடையில் சில்லிடும் கடல்: கோவளத்தில் வெப்பமானியோடு நான்கு மாதங்கள்

சென்ற ஆண்டு ஜூலையில் அக்கா வீட்டிற்குச் சென்றிருந்தபோது, சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே உள்ள பசிபிகா கடற்கரையில் முதன்முறையாகக் குளிர்நீரில் அலைச்சறுக்கினேன். ஆறு ஆண்டுகளாகச் சென்னையை அடுத்த கோவளத்தில் வெறும் பனியனோடு கடலில் இறங்கிப் பழகிய எனக்கு, நடுக்கோடையில் 13 டிகிரி தண்ணீர் என்பது நம்பமுடியாததாக இருந்தது. வாடகைக்கு எடுத்த வெட்சூட் என்ற ரப்பர் உடை ஓர் அளவு பெரிது. நுண்குமிழ்கள் நிறைந்த ரப்பர் சூட்டை வெளியே விடாமல் தடுக்க, உடம்புக்கும் அதற்கும் இடையில் சிக்கும் மெல்லிய நீர்ப்படலம் உடல்சூட்டில் வெதுவெதுப்பாகி நிற்பதுதான் அந்த உடையின் சூட்சுமம். தொளதொளவென்று இருந்ததால் ஒவ்வோர் அலைக்கும் கழுத்து வழியாகப் புதுத் தண்ணீர் முதுகெலும்பு நெடுக இறங்கியது. கால் வழுக்காமலிருக்கப் போர்டில் தேய்க்க, சென்னையிலிருந்து கொண்டுபோன வாக்ஸ் இன்னொரு பாடம். வெப்பநீருக்கென்று செய்யப்பட்ட அந்தக் கட்டி, அங்கே போர்டின் மேல் மெழுகுவர்த்திபோல இறுகி வழுக்கியதால், எழுந்து நின்ற மூன்று முறையும் பின்கால் சறுக்கியே விழுந்தேன்.

அந்தக் குளிருக்குக் காரணம் காற்று என்பதைப் பிறகுதான் படித்தேன். கலிஃபோர்னியாவில் கோடை முழுவதும் கரையை ஒட்டி வடமேற்குக் காற்று வீசுகிறது. பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் மொத்தத்தில் காற்றுக்கு வலப்புறமாகவே ஒதுங்கும் என்று சுவீடனைச் சேர்ந்த கடலியலாளர் எக்மன் 1905இல் கணக்கிட்டுக் காட்டினார். அங்கே வலப்புறம் என்பது நடுக்கடல். மேல்நீர் விலகிய இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறிவருகிறது. அதன்மேல் தவழும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஜூலையைவிடச் செப்டம்பர் வெப்பமாக இருப்பதும் இதனால்தான்.

இதைப் படித்தபோது எனக்குக் கோவளம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு ஜூன் காலையில், வெளியே வெயில் கொளுத்தத் தொடங்கியிருந்தும், முழங்கால் அளவு நீரில் இறங்கியதுமே உடம்பு சிலிர்த்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ரெண்டு நாளா தென்காத்து அடிக்குது தம்பி, தெண்டி வெள்ளம் ஓடுது. தண்ணி ஜில்லுனுதான் இருக்கும்." தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை எங்கள் கரையில் தெண்டி என்பார்கள். கலிஃபோர்னியாவுக்குக் கடல் மேற்கே, நமக்குக் கிழக்கே. அங்கே வடக்கிலிருந்து வரும் காற்று செய்வதை இங்கே தெற்கிலிருந்து வரும் காற்று செய்கிறது. ஒரு படத்தை அரைச்சுற்று திருப்பி வைத்ததுபோல, விதி ஒன்றாகவே இருக்கத் திசை மட்டும் மாறியிருக்கிறது. எக்மனின் கணக்கும் அந்த அண்ணனின் சொல்லும் ஒரே இடத்தில் சந்தித்தது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது. அதைச் சொந்தமாக அளந்து பார்த்தே தீரவேண்டும் என்ற எண்ணமும் அங்கேதான் பிறந்தது.

இந்த ஏப்ரலில் மீன்தொட்டிக்கு விற்கும் கண்ணாடி வெப்பமானி ஒன்றை வாங்கி, போர்டைக் காலோடு பிணைக்கும் லீஷ் கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். முதல் இரண்டு வாரக் கணக்கை முழுவதுமாக அடித்துவிட நேர்ந்தது. கணுக்கால் ஆழத்தில், வெயிலில் காய்ந்த மணலின்மேல் நிற்கும் நீரை அளந்துகொண்டிருந்திருக்கிறேன். அதன்பின் காலை 7 மணிக்குள், அலை உடையும் வரிசையைத் தாண்டிச் சென்று, போர்டின்மேல் உட்கார்ந்தபடி இரண்டு நிமிடம் மூழ்கவைத்து அளப்பது என்று முடிவு செய்தேன். ஏப்ரல் இறுதியில் 29, மே நடுவில் 30. மே கடைசி வாரத்தில் தென்காற்று மூன்று நாள் விடாமல் வீசியது. முதல் நாள் மாற்றமே இல்லை, மூன்றாம் நாள் 27, அதற்கடுத்த நாள் 26. காற்று ஓய்ந்ததும் நான்கே நாளில் 29க்குத் திரும்பிவிட்டது. ஜூன், ஜூலையில் இதே ஏற்றஇறக்கத்தை மேலும் மூன்று முறை பார்த்தேன். நீர் குளிர்ந்த நாள்களில் அது பச்சையாகக் கலங்கியிருந்தது, சொறி எனப்படும் ஜெல்லிமீனும் மிகுதியாக இருந்தது. ஒருமுறை மணிக்கட்டில் பட்ட எரிச்சல் மாலைவரை நீடித்தது.

அலையைப் பற்றிச் சொல்வதானால், விடியற்காலையே சிறந்தது. ஜூன், ஜூலையில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் மேற்குக் காற்று அலையின் முகத்தைத் தாங்கிப் பிடிப்பதால் அது சுவர்போல நின்று நிதானமாக உடைகிறது. நண்பகலில் கடற்காற்று புகுந்துவிட்டால் பரப்பெல்லாம் கசங்கிவிடும். தென்காற்று வலுத்த நாள்களில் காலையிலும் அலை ஒழுங்காக அமைவதில்லை. ஆகவே காற்று வீசித் தண்ணீர் குளிர்ந்துகொண்டிருந்த காலைகள் எனக்கு நல்ல சறுக்கலைத் தந்ததில்லை. காற்று அடங்கி, குளிர் மட்டும் எஞ்சியிருந்த மறுநாள் காலைகளே இந்தப் பருவத்தின் மிகச் சிறந்த காலைகள்.

இன்னொரு செய்தியும் எனக்கு வியப்பளித்தது. நமக்குக் கோடையாக இருக்கும்போது தென் அரைக்கோளத்தில் குளிர்காலம்; அங்கே எழும் புயல்கள் அனுப்பும் நெடுந்தொலைவு அலைகள் கலிஃபோர்னியாவையும் அடைகின்றன, வங்காள விரிகுடாவிலும் நுழைகின்றன. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் 16 விநாடி இடைவெளியுள்ள அலைத்தொகுதி ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நகர்ந்து, பல நாள் பயணத்துக்குப் பின்னரே கரை சேரும். இலங்கை குறுக்கே நிற்பதால் அதில் பெரும்பங்கு சென்னையை எட்டுவதில்லை. இருந்தாலும் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் தரும் கடல்நிலை முன்னறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்த்து வந்த நான், இப்போது இடைவெளியை முதலில் பார்க்கிறேன். 8 விநாடி என்றால் அவசர அலை. 14 என்றால் இடுப்பளவு உயரத்திலும் போர்டை வெகுதூரம் சுமந்துவரும்.

ஆகஸ்டில் இருபது மீட்டர் ஆழத்து நீரை அளக்க எண்ணியிருக்கிறேன். தக்கையை இரண்டாவது கயிற்றால் இழுத்துத் திறக்கக்கூடிய தடித்த கண்ணாடிப் புட்டி தயார். அதே அண்ணனிடம் அவருடைய ஃபைபர் படகில் வரலாமா என்று கேட்டேன். புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கயிறு என்கிட்ட இருக்கு. கீழ எறங்க ஈயக்குண்டு மட்டும் வாங்கிட்டு வா" என்றார்.