ஆண்டர்டன் படகுத் தூக்கி: சிரிஞ்சில் ஓடும் மாதிரி, இதுவரை

ஆண்டர்டன் படகுத் தூக்கியின் மாதிரி ஒருவழியாக ஓட ஆரம்பித்துவிட்டது. மோட்டார் இல்லை, பம்பு இல்லை. மேலே நிற்கும் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் கூட்டினால் அது இறங்குகிறது. கீழே இருப்பது ஏறுகிறது. இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் அசலைப் பற்றி. இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், ஆண்டர்டன் என்ற ஊரில், வீவர் ஆறு கீழே ஓடுகிறது, டிரென்ட் அண்ட் மெர்சி கால்வாய் அதற்கு 50 அடி மேலே போகிறது. படகைச் சரக்கோடு தூக்கி இறக்கிவிடலாம் என்று யோசித்தவர் வீவர் நீர்வழியின் பொறியாளர் எட்வர்ட் லீடர் வில்லியம்ஸ். வடிவமைத்தவர் எட்வின் கிளார்க். 1875-இல் திறந்தார்கள். 75 அடி நீளம், 15½ அடி அகலத்தில் இரண்டு இரும்புத் தொட்டிகள்; தண்ணீரோடு ஒவ்வொன்றும் 252 டன். அந்த எடை முழுவதையும் தாங்குவது தொட்டிக்கு ஒன்றாக, 3 அடி விட்டமுள்ள பிஸ்டன். இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவே 5 அங்குலக் குழாய் ஒன்று. மேல் தொட்டியில் 6 அங்குலத் தண்ணீர், அதாவது சுமார் 15 டன், அதிகம் இருக்கும். வால்வைத் திறந்தால் மூன்றே நிமிடத்தில் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும்.

ஏன் 6 அங்குலம்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த மாதிரியையே ஆரம்பித்தேன்.

சாதாரண பிளாஸ்டிக் சிரிஞ்ச் இதற்கு ஆகாது. அதன் ரப்பர் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. சில கிராம் எடைக்கெல்லாம் அசையாது. 10 மில்லி கண்ணாடி சிரிஞ்சுக்கு மாறியதும் வேலை சுலபமானது. தண்ணீர்ப் படலத்தின் மேல் கண்ணாடித் தண்டு தன் எடையிலேயே வழுக்கி இறங்கும், பார்க்கவே அழகு. இரண்டையும் நிமிர்த்தி வைத்து, ட்ரிப்ஸ் ஏற்றும் குழாயால் இணைத்தேன். அந்தக் குழாயில் வரும் உருட்டுச் சக்கரக் கிளாம்ப்தான் என் வால்வு. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இதைவிட நல்ல சாமான் கிடைக்காது. குழாயில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் தொட்டி ஸ்பிரிங்கில் நிற்பதுபோல ஆடும். அதனால் எல்லாவற்றையும் வாளித் தண்ணீருக்குள் அமுக்கி வைத்தே மாட்டினேன்.

தொட்டிகள் அக்ரிலிக் தகட்டில் செய்தவை: 15 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். அகலம் அசலின் விகிதப்படி இல்லை, தெரிந்தேதான் கூட்டினேன். ஒற்றைத் தண்டின் மேல் நிற்பதால் தண்ணீர் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தாலும் தொட்டி கவிழப் பார்க்கிறது. நான்கு மூலையிலும் அலுமினிய எல்-ஆங்கிள் நட்ட பிறகு அடங்கியது. ஆண்டர்டனிலும் வார்ப்பிரும்புத் தூண்களில் தொட்டியை வழிநடத்தும் தண்டவாளங்கள் உண்டு.

சரி, கணக்குக்கு வருவோம். இரண்டு தொட்டியிலும் சம எடை இருந்தால் அவை இடம் மாறாது, இரண்டும் பாதி உயரத்துக்கு வந்து நின்றுவிடும். மேலே இருப்பதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கூட்டினால் அந்த அளவுக்கு மட்டும் இறங்கி மறுபடி நிற்கும். காரணம் இதுதான்: இறங்கும் பிஸ்டன் தன் சிலிண்டரில் உள்ள தண்ணீரை எதிர் சிலிண்டருக்குத் தள்ளுகிறது. எதிர்ப் பிஸ்டனுக்கு அடியில் நீர் மட்டம் உயர உயர, அந்த நீரும் திருப்பி அழுத்துகிறது. கடைசிவரை இறங்க வேண்டுமானால், தள்ளப்படும் தண்ணீர் முழுவதின் எடைக்குக் குறையாமல் மேல் தொட்டியில் கூடுதல் எடை வேண்டும். என் சிரிஞ்சுக்கு அது 10 கிராம், தொட்டியில் 1.3 மி.மீ. ஆழம். உராய்வையும் சேர்த்து 2 மி.மீ. விட்டால் தடையில்லாமல் இறங்குகிறது.

இதே கணக்கை அசலுக்குப் போட்டேன். 3 அடி விட்டம், 50 அடி உயரம்: சுமார் 353 கன அடித் தண்ணீர், ஏறக்குறைய 10 டன். கிளார்க் வைத்தது 15 டன். மீதி 5 டன் உராய்வுக்காக இருக்க வேண்டும். இதைக் காகிதத்தில் பார்த்தபோது உண்மையிலேயே சிலிர்த்தது. தொடக்கத்திலும் முடிவிலும் தேவைப்படும் சின்னச் சரிசெய்தலுக்கு அவர் 10 குதிரைத்திறன் நீராவி இயந்திரமும், அழுத்தத்தைச் சேமிக்கும் அக்யூமுலேட்டரும் வைத்திருந்தார்.

படகு வந்தால் எடை கூடாதா என்று வீட்டில் கேட்டார்கள். சமையலறைத் தராசில் தொட்டியை வைத்து, விளிம்புவரை நிரப்பி, பால்சா மரப்படகை மெதுவாக மிதக்கவிட்டேன். வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் தராசில் அதே எண். படகு தன் எடை அளவு தண்ணீரை வெளியேற்றிவிடுகிறது. அதனால்தான் ஒரு பக்கம் படகு, மறுபக்கம் வெறும் தண்ணீர் என்றாலும் தூக்கிக்குக் கவலையில்லை.

இன்னொரு விஷயம், தண்ணீர். போர் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படிந்து கண்ணாடித் தண்டு இறுகிவிடுகிறது. இப்போது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான். ஆண்டர்டனில் கால்வாய்த் தண்ணீரையே சிலிண்டரில் விட்டதால் பிஸ்டன்கள் அரித்து வரிவரியாகப் பள்ளம் விழுந்தன. 1882-இல் ஒரு சிலிண்டர் வெடித்தது; நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. 1897-இல் அவர்களும் வடிநீருக்கு மாறினார்கள். அரிப்பு குறைந்தது, நிற்கவில்லை. 1908-இல் மின் மோட்டாரும் எதிர்எடைகளும் வந்தன. 1983-இல் மூடி, 2002-இல் மறுபடி ஹைட்ராலிக் முறையிலேயே திறந்தபோது எண்ணெயைப் பயன்படுத்தினார்கள்.

எனக்கு மிச்சமிருப்பது கதவுகள். தொட்டியின் கதவும் கால்வாயின் கதவும் ஒட்டி நிற்கும் இடத்தில் ஒழுகாமல் இருக்க சிலிக்கான் பட்டை ஒட்டிப் பார்க்கிறேன். அழுத்திப் பிடித்தால் ஒழுகவில்லை, ஆனால் அந்தப் பிடியே தொட்டியை நகரவிடாமல் தடுக்கிறது. மெல்லிய பட்டை தேட வேண்டும்.