நிக்ஸன் முகத்தோடு மூன்று மாதம்

இதுவரை 43 தாள் முடிந்திருக்கிறது. அதில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுவது நான்கு.

கேரிகேச்சர், அதாவது முகத்தை மிகைப்படுத்திப் போடும் கேலிச்சித்திரம், பழகுகிறவர்கள் ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் போடுவது வழக்கம். நான் பிடித்துக்கொண்டது ரிச்சர்ட் நிக்ஸன். எனக்குத் தெரிந்து வேறெந்த அமெரிக்க ஜனாதிபதியின் முகமும் இத்தனை விதமான கைகளில் மாட்டியதில்லை. பத்திரிகைக் கார்ட்டூன், நாடகம், சினிமா, ஓபரா, கொள்ளைக்காரர்கள் மாட்டிக்கொண்டு வங்கிக்குள் நுழையும் ரப்பர் முகமூடி, ஃப்யூச்சுராமா என்ற அமெரிக்க அனிமேஷன் தொடரில் கண்ணாடி ஜாடிக்குள் மிதக்கும் தலை என்று எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார். 1974 ஆகஸ்ட் 9இல் பதவியிலிருந்து விலகினார், 1994இல் இறந்தும் போனார், முகம் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஏன் என்று வரைந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

முதல் பத்துத் தாளும் மூக்குக்கே போய்விட்டது. சறுக்குமரம் மாதிரி இறங்கி நுனியில் கொஞ்சம் மேலே தூக்கி நிற்கிற மூக்கு, அதற்கு இரண்டு பக்கமும் தொங்குகிற கன்னச் சதை, நெற்றியில் உள்வாங்கிய முடி. இந்த மூன்றும் இருந்தால் போதும், யார் பார்த்தாலும் நிக்ஸன் என்று சொல்லிவிடுவார்கள். சுலபமாக வருகிறது என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பத்தையும் சுவரில் வரிசையாக ஒட்டி வைத்துவிட்டு மறுநாள் காலையில் பார்த்தபோது, ஒன்றில்கூட ஆள் இல்லை. மற்றவர்கள் போட்ட கார்ட்டூனைப் பார்த்து நான் இன்னொரு கார்ட்டூன் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

சரி, மூக்கை விட்டுவிட்டுத் தாடிக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். இங்கேதான் நிறையக் கற்றுக்கொண்டேன். வாஷிங்டன் போஸ்ட்டில் வரைந்த ஹெர்பர்ட் பிளாக், ஹெர்பிளாக் என்ற பெயரில் கையெழுத்துப் போடுவார், நிக்ஸனுக்கு எப்போதும் இரண்டு நாள் மழிக்காத தாடி வைத்துத்தான் வரைந்தார். 1954இல் ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்துகொண்டிருந்த துணை ஜனாதிபதி நிக்ஸன் சாக்கடைக் குழியிலிருந்து வெளியே ஏறி வருகிற மாதிரி ஒரு படம் போட்டார், அதில் அந்தத் தாடி நிழல்தான் முகத்தின் பாதி. அப்புறம் 1960 செப்டம்பர் 26, சிகாகோவில், ஜனாதிபதித் தேர்தலில் எதிர்த்து நின்ற கென்னடியோடு தொலைக்காட்சி விவாதம். நிக்ஸன் முழங்கால் தொற்றுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்து இளைத்துப்போய் வந்திருந்தார், முறையான மேக்கப் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தாடி நிழலை மறைக்கக் கொஞ்சம் பவுடர் மட்டும் பூசிக்கொண்டார், சாம்பல் நிற கோட்டு பின்னால் இருந்த சுவரோடு கலந்துவிட்டது. சுமார் 7 கோடி பேர் பார்த்தார்கள். கார்ட்டூனில் இருந்த தாடி அன்றைக்கு நிஜ முகத்தில் ஏறிக்கொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது. 1968இல் நிக்ஸன் ஜெயித்ததும் ஹெர்பிளாக் தன் அறையையே சலூனாக வரைந்தார், புதிய ஜனாதிபதி ஒவ்வொருவருக்கும் இந்தக் கடையில் ஒரு ஷேவிங் இலவசம் என்று போர்டு மாட்டி. பதினாலு வருஷம் விடாமல் போட்ட தாடியை ஒரே படத்தில் எடுத்துத் தர முன்வந்த பெருந்தன்மை அது. எனக்கு ரொம்பப் பிடித்த படம்.

அந்த நிழலை மையில் கொண்டுவருவது லேசில்லை. நிப்பால் சின்னச் சின்னக் கோடாகப் போட்டால் தாடி வளர்த்த ஆள் வந்துவிடுகிறார், புள்ளி வைத்தால் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடுகிறது. ஏழு தாள் இப்படியே போனது. கடைசியில் கைகொடுத்தது காய்ந்த பிரஷ்தான். இந்தியன் இங்க்கில் தோய்த்து, பழைய பருத்தித் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மயிர் பிரிந்து நிற்கும்போது தாளில் படாமல் பட்ட மாதிரி காதுப் பக்கமிருந்து முகவாய்க்கு ஒரே இழுப்பு. காகிதத்தின் சொரசொரப்பு மேடுகளில் மட்டும் மை பிடிக்கும். வழவழப்பான தாளில் இது வரவே வராது, முயற்சி செய்கிறவர்கள் கொஞ்சம் தடிமனான, சொரசொரப்பான தாளாகப் பார்த்து வாங்குங்கள்.

இருபதாவது தாளுக்குப் பிறகு கார்ட்டூன்களை எல்லாம் மூடி வைத்துவிட்டுப் புகைப்படத்துக்கு வந்தேன். எடுத்துக்கொண்டது 1970 டிசம்பர் 21இல் எல்விஸ் பிரெஸ்லி வெள்ளை மாளிகைக்கு வந்தபோது எடுத்த படம். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டு நிற்பார்களே, அதுதான். ஸ்கேல் வைத்து அளந்தேன். மூக்கு நீளம் எல்விஸுக்கும் நிக்ஸனுக்கும் பெரிய வித்தியாசமில்லை! நுனிதான் கொஞ்சம் அகலம், கன்ன மடிப்பு ஆழம். ஐம்பது, அறுபது வருஷமாக எல்லோரும் போட்டுப் போட்டு வளர்த்த மூக்கைத்தான் நானும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் படத்தில் உண்மையில் கண்ணை இழுப்பது இரண்டு பேரும் நிற்கிற விதம். எல்விஸ் தன் வீட்டில் நிற்கிற மாதிரி நிற்கிறார், அந்த வீட்டுக்காரரான நிக்ஸன்தான் எங்கேயோ விருந்துக்குப் போன ஆள் மாதிரி விறைப்பாக நிற்கிறார்.

அங்கே பிடித்த நூல்தான் அடுத்து வந்த தாள்களையும் இழுத்துக்கொண்டு போனது. நிக்ஸனாக நடித்தவர்களைத் திரும்பப் போய்ப் பார்த்தேன், இந்தத் தடவை முகத்தைப் பார்க்காமல். 1995இல் ஆலிவர் ஸ்டோன் படத்தில் ஆன்டனி ஹாப்கின்ஸ். வேல்ஸ்காரர், முகச்சாயல் துளியும் கிடையாது. ஃபிராங்க் லாங்கெல்லா, 2006இல் லண்டன் மேடையிலும் 2008இல் சினிமாவிலும், 1977இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காரர் டேவிட் ஃப்ராஸ்ட்டுக்குப் பேட்டி கொடுத்த நிக்ஸனாக நடித்தவர், நிஜ நிக்ஸனை விட நன்றாகவே உயரம். ஆனாலும் ஐந்து நிமிஷத்தில் நமக்கு அவர்கள் நிக்ஸன் ஆகிவிடுகிறார்கள். தோளை முன்னால் குவித்துக் கழுத்தை அதற்குள் இறக்கிக்கொள்கிறார்கள், கையை என்ன செய்வதென்று தெரியாதவர் மாதிரி வைத்துக்கொள்கிறார்கள், உதடு சிரிக்கும்போது கண் சிரிக்காது. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன், அப்போதும் நிக்ஸன்தான்.

அதனால் 31ஆவது தாளில் முகமே இல்லாமல் போட்டேன். வெள்ளை மாளிகையை விட்டுப் போகிற நாளில் ஹெலிகாப்டர் வாசலில் திரும்பி நின்று இரண்டு கையையும் விரித்து, இரண்டிலும் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாரே, அந்த நிலை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. அப்பாவிடம் காட்டினேன். 1971 இந்தியா-பாகிஸ்தான் யுத்தத்தில் என்டர்பிரைஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியவர் என்றுதான் அவருக்கு நிக்ஸனைத் தெரியும், இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்தார். "நிக்ஸன் இல்ல இது? தோளப் பாரு, அப்படியே இருக்கு" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் அக்கா மகளுக்கு அந்தப் படம் யாரென்றே தெரியவில்லை. அவளுக்கு நிக்ஸன் என்றால் ஜாடித் தலைதான், அதற்குத் தோளே கிடையாது. முதல் பத்துத் தாளில் ஒன்றைக் காட்டியதும் உடனே சொல்லிவிட்டாள், கன்னத்தைப் பார்த்து. ஆக, தோள்தான் நிக்ஸன் என்று நான் போட்ட கணக்கு பாதிதான் சரி. பார்த்து வளர்ந்தவர்களுக்கு உடம்பு ஞாபகம் இருக்கிறது, பிறகு வந்தவர்களுக்கு மூக்கும் கன்னமும்தான் கைமாறி வந்திருக்கிறது.

இப்போது திணறிக்கொண்டிருப்பது ஃபிலிப் கஸ்டனிடம். 1971இல் இந்த ஓவியர் ஒரே மூச்சில் நிக்ஸன் படங்களாக வரைந்து தள்ளினார், மூக்கையும் கன்னத்தையும் ஆபாசமாகவே ஆக்கி. அவர் உயிரோடு இருந்தவரை அவை புத்தகமாக வரவில்லை, 2001இல்தான் வந்தது. அதே கை 1975இல் சான் கிளமென்டே என்று ஓர் எண்ணெய் ஓவியம் தீட்டியது. பதவி போய்க் கடற்கரை வீட்டில் இருக்கிற நிக்ஸன், ரத்தநாள வீக்கத்தில் பொதிமூட்டை மாதிரி ஊதிப்போன, கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு நிற்கிறார், கன்னத்தில் ஒரு கண்ணீர்த் துளி. மூக்கும் கன்னமும் அதே ஆபாசம்தான், எதையும் குறைக்கவில்லை. அப்படியும் பார்க்கிறபோது தொண்டையை அடைக்கிறது. அதை எப்படிச் செய்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் கடைசி ஆறு தாளையும் செலவழித்தேன். கண்ணீர்த் துளியைத் தனியாக வைத்தால் ஒட்டவைத்த மாதிரி தெரிகிறது. காய்ந்த பிரஷ் தாடி நிழலின் நடுவே அந்த இடத்தை மட்டும் மை படாமல் விட்டுப் பார்த்தேன், 43ஆவது தாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் துளி மாதிரி நின்றது. கண்தான் இன்னும் வரவில்லை. நாளைக்குக் கண்ணை மட்டும் தனியாக ஒரு பக்கம் முழுக்கப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.