பொல்லூன்றிக் கோணமலைக்கு

முழங்கால் தேய்ந்தபிறகு மலைக்கோயில் என்றாலே பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்கள். திருகோணமலையில் கடலோரப் பாறைமேல் இருக்கும் சிவன் கோயிலான திருக்கோணேஸ்வரத்துக்கு மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பேரனைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறினேன்.

வெயில் ஏறமுன்னம் மலையில் நிற்கவேண்டும் என்று விடியவே ஓட்டோ பிடித்தோம். கோட்டை வாசலில் நிறுத்தச் சொன்னேன். கல்லில் இரட்டைக் கயல், பக்கத்தில், கோயிலைத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் அரசன் பெயரோடு ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்கும் பழைய எழுத்து. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். அந்தக் கல்லில் கைவைத்துக் கும்பிட்டேன். எனக்கு முதல் சந்நிதி அதுதான்.

உள்ளே வீதியோரம் மான்கள் ஆட்களுக்குப் பயமில்லாமல் நின்றன. ஓட்டோ போகக்கூடிய தூரம் போய் இறங்கியபிறகும் ஏற்றம் இருந்தது. இளசுகளுக்கு அது ஒரு நடை. எனக்கு ஒவ்வொரு அடியும் கணக்கு: பொல்லு முதலில், நல்ல கால் அடுத்து, நோகிற கால் கடைசி. ஓட்டோத் தம்பி கூடவே வந்து, “அந்தரப்படாதீங்க அம்மா, இருந்து இருந்து போவம்” என்றார். பாதையோரக் கடைக்காரப் பிள்ளை ஒன்று கேளாமலே கதிரையைத் தூக்கிவந்து போட்டது. நல்லாயிருக்கட்டும்.

அந்தக் கதிரையில் இருந்துதான் இந்த மலையின் கதையைப் பேரனுக்குச் சொன்னேன். ஞானசம்பந்தர் இங்கே காலடி வைக்கவில்லை. இராமேஸ்வரத்திலிருந்தே கோணமாமலை அமர்ந்தாரைப் பாடினார் என்பது வழிவழி வந்த செய்தி. கோயில் இடிபட்டபிறகு கட்டடம் என்று ஒன்றுமில்லை. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கோட்டையை வைத்திருந்த காலத்திலும் சனம் வந்து, வெறும் பாறையைக் கும்பிட்டு, பூவையும் தேங்காயையும் கடலில் இட்டுப் போனது. 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர் முதலான திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் பாறையடிக் கடலில் மூழ்கிக் கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். இப்போதைய கோயிலின் கும்பாபிஷேகம் 1963இல் நடந்தது. தூரத்தில் நின்று கும்பிட்டவர்களாலேதான் இந்தத் தலம் அழியாமல் இருந்தது. இதை நினைத்தபோது, நடக்க முடியவில்லையே என்ற மனக்குறை எனக்கு விட்டுப்போனது.

கோணேசப் பெருமானையும் மாதுமை அம்பாளையும் ஆறுதலாகத் தரிசித்தேன். அர்ச்சனைக்கு நிற்க முடியாமல் தூணோடு சாய்ந்திருந்தேன். ஐயரே திருநீற்றைக் கொண்டுவந்து தந்தார். வீதிவலம் முழுவதும் வர என்னால் முடியவில்லை. இருந்த இடத்திலிருந்தே பதிகத்தைப் பாடினேன்.

இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் விளிம்பு வரைக்கும் போகவில்லை. பொல்லு பிடிக்கிறவர்களுக்கு அந்தக் காற்று ஆகாது. பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னத் தொட்டில்கள் மரத்தில் ஆடுவதைத் தள்ளி நின்று பார்த்தேன். கீழே கடல் பாறையில் மோதும் சத்தம் அங்கேயே காலுக்குள் அதிர்ந்தது.

போக இருக்கிற வயதானவர்களுக்கு ஒரு சொல். மத்தியானம் வேண்டாம், செருப்பில்லாத காலைக் கல் சுட்டுவிடும். திரும்பும்போது இறக்கம்தான் முழங்காலைப் பிடிக்கும், அதற்கும் ஓட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள். பத்திரகாளி அம்மன் கோயில் நகருக்குள்ளேயே இருக்கிறது, களைப்பில்லாமல் கும்பிடலாம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளை நாங்கள் மறுநாளுக்கு வைத்தோம். மலை ஏறுவதற்கு முந்தின நாளே அங்கே போவது நல்லது என்று இப்போது படுகிறது. ஏழு கிணறும் பக்கத்தில் பக்கத்தில், ஏறவேண்டிய மேடில்லை, இளஞ்சூட்டு நீர் மூட்டுக்கு இதமாயிருக்கும். தரை ஈரம், வழுக்கும். வாளியில் அள்ளி ஊற்ற ஒருவர், கையைப் பிடிக்க ஒருவர் என்று ஆளோடு போங்கள்.